சுவிட்சை அழுத்தினால் விசிறி கால் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. மேசைக் கணினி தொடங்கவில்லை

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2013-ஆம் ஆண்டில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த மேசைக் கணினி ஒன்றை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். இன்டெல் ஐ3-3220 செயலி, எச்61 வகை மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்வழங்கிப் பெட்டி) ஆகியவை அதில் உள்ளன. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லை.

மூன்று நாள்களாக இது தொடங்கவில்லை. சுவிட்சை அழுத்தினால் செயலியின் மேலுள்ள விசிறி கால் சுற்று அசைந்து நின்றுவிடுகிறது. பீப் ஒலி இல்லை, திரையில் ஒன்றும் வருவதில்லை. அதன் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அசைவே இல்லை. சுவர் சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் அதே கால் சுற்று. எங்கள் ஊர்க் கடையில் காட்டியபோது, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, இந்தத் தலைமுறைப் போர்டு இனிப் புதிதாகக் கிடைக்காது, முழுக் கணினியையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் தாயார் பாடிய தாலாட்டுகளும் நடவுப் பாடல்களும் ஒப்பாரிகளும் ஏறத்தாழ நாற்பது மணி நேர ஒலிப்பதிவாக அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டுமே இருக்கின்றன. அவர் இப்போது இல்லை. வேறு நகல் எடுத்து வைக்காதது என் தவறு. எதையாவது செய்யப்போய் அவற்றை இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் கணினியை அப்படியே வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்டுங்கள்.

சால்டரிங் மேசை எழுதியது:

ஐயா, முதலில் அந்த அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறி எதுவும் ஹார்ட் டிஸ்கைக் குறிக்கவில்லை. டிஸ்க் பழுதானால் பெரும்பாலும் விசிறி சுற்றும், திரை எழும், அதற்குப் பிறகுதான் சிக்கல் தெரியும். இன்றே பக்கவாட்டு மூடியைத் திறந்து, சுவர் பிளக்கைப் பிடுங்கிய பின்னர், டிஸ்குக்கு வரும் மின்கம்பியையும் தரவுக் கம்பியையும் கழற்றி, டிஸ்கைத் தனியே எடுத்து ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கணினி எழவே இல்லையென்றாலும், டிஸ்கின் சாட்டா வகை இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் சிறு இணைப்பான் ஒன்றை வாங்கி வேறு கணினியில் செருகினால் கோப்புகளைப் படித்துவிடலாம். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் தேவை; ஆகையால் தனி அடாப்டரோடு வரும் இணைப்பானாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி உங்களிடம் சில கேள்விகள். பழுது திடீரென்று ஒரே நாளில் வந்ததா, அல்லது சில வாரங்களாகவே தொடங்குவதற்குத் தயங்கியதா? இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடும் வழக்கம் உண்டா? பிளக்கைச் செருகியவுடன், கணினியைத் தொடங்காத நிலையிலும், போர்டின் மேல் ஏதேனும் சிறு விளக்கு எரிகிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம்.

ஆய்வகத்துக்காரி எழுதியது:

நான் பள்ளிக் கணினி ஆய்வகம் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். பெட்டியைத் திறக்கும் முன்பு வெளியே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள் ஐயா. அதே பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரையும் யூபிஎஸ்சையும் விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். பெரும்பாலான மானிட்டர்களுக்கு வரும் மின்கம்பியும் கணினிக்கு வரும் மின்கம்பியும் ஒரே வகைதான்; இரண்டையும் மாற்றிப் போட்டால் கம்பியின் மீதுள்ள சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எஸ்எம்பிஎஸ்சின் பின்புறம் தனிச் சுவிட்ச் இருந்தால் அது போட்ட நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி ஒன்று இருக்கும். அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். யாரோ விளையாட்டாகத் தள்ளி வைத்து, போட்டவுடன் வெடித்த ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். கேபினட்டின் இரும்புப் பகுதியை வெறுங்காலோடு நின்று தொட்டால் சுருசுருவென்று இழுக்கிறதா? இந்தப் பழுதுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூடியைத் திறந்து கை வைக்கப் போகிற உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். திறக்கும்போது எஸ்எம்பிஎஸ்சின் காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு தேடிப் பல்லி உள்ளே போய், உயர் மின்னழுத்தப் பகுதியில் சிக்கி, அதோடு எஸ்எம்பிஎஸ்சும் போய்விடுவது எங்கள் ஆய்வகத்தில் இதுவரை மூன்று முறை நடந்திருக்கிறது.

ஆற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டேன். அதன் பிறகுதான் நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிளக் பாயிண்டில் விளக்கு எரிகிறது. மானிட்டரின் கம்பியை மாற்றிப் போட்டும் அதே நிலைதான். பல்லி இல்லை, தூசிதான் நிறைய இருந்தது, தூரிகையால் துடைத்தேன். கேபினட்டைத் தொட்டால் இழுப்பது உண்மை. பல ஆண்டுகளாகவே இழுக்கிறது, செருப்புப் போட்டுக்கொள்வோம்.

கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது: கடந்த இரண்டு மாதங்களாகக் காலையில் மூன்று நான்கு முறை அழுத்தினால்தான் தொடங்கியது. இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் சுவர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்து அழுத்தினால் ஒரே முறையில் தொடங்கிவிடும். உடனே அழுத்தினால்தான் தகராறு. பகலில் நிறுத்தித் தொடங்கினால் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் மங்கலாக, சிறிது நடுங்கியபடி எரிகிறது.

ஓம் விதி எழுதியது:

ஐயா, நீங்கள் நினைவுகூர்ந்த அந்தக் காலை நேரத் தகராறுதான் இந்த இழையிலேயே மிக முக்கியமான செய்தி. கடைக்காரர் அதைக் கேட்டிருந்தால் போர்டைக் குறை சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

உங்களுடையதைப் போன்ற மேசைக் கணினிகளில் இருக்கும் ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் உண்மையில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு மின்வழங்கிகள். பெரியது 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருவது. கணினி ஓடும்போது மட்டும் அது விழித்திருக்கும். சிறியது, பிளக் செருகியிருக்கும் வரை எந்நேரமும் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். இதை ஸ்டாண்ட்பை மின்சாரம் என்போம், எஸ்எம்பிஎஸ்சிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய 24 பின் இணைப்பியில் ஊதா நிறக் கம்பி. உங்கள் பச்சை விளக்கை எரிப்பதும், முகப்புச் சுவிட்ச் அழுத்தப்பட்டதைக் கவனித்துக்கொண்டிருக்கும் போர்டின் சிறு பகுதிக்கு உயிர் கொடுப்பதும் இந்தச் சிறிய வழங்கிதான். சுவிட்சை அழுத்தினால் போர்டு பச்சை நிறக் கம்பியைத் தரையோடு, அதாவது கறுப்புக் கம்பியோடு, இணைக்கிறது. அதைக் கண்டு பெரிய வழங்கி எழுகிறது. அதன் மின்னழுத்தங்கள் சீரான பிறகு, 100 முதல் 500 மில்லிநொடிக்குள், எல்லாம் சரி என்ற குறிப்பைச் சாம்பல் நிறக் கம்பி வழியே அனுப்புகிறது. அந்தக் குறிப்பு வராத வரை போர்டு செயலியை ஓடவிடாது. உங்கள் விசிறி கால் சுற்றுச் சுற்றுவதற்குப் பொருள், பச்சைக் கம்பி வரை எல்லாம் நடந்து, அதற்கு அடுத்த படியில் அறுந்துவிடுகிறது என்பதே.

குளித்து வந்தால் தொடங்கியது ஏன் என்பதற்கு விடை மின்தேக்கிகளில் இருக்கிறது. மலிவான எஸ்எம்பிஎஸ்களில் ஸ்டாண்ட்பை பகுதியின் மின்னாற்பகுப்பு மின்தேக்கிகள் ஆண்டு முழுவதும் இரவு பகலாக வெப்பத்தில் இருந்து உலர்ந்துபோகின்றன. பத்து டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. உலர்ந்த மின்தேக்கியின் உள்தடை குளிர்ந்த நிலையில் மிகுதியாக இருக்கும். மின்சாரம் பாய்ந்து சற்றுச் சூடேறியதும் குறையும். ஆகவே சுவர் சுவிட்சைப் போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால் வேலை செய்தது. இப்போது அந்தச் சூட்டுக்கும் அது எழாத நிலையை அடைந்திருக்கிறது.

சால்டரிங் மேசை எழுதியது:

ஓம் விதி அவர்களின் கணிப்போடு முழுமையாக உடன்படுகிறேன், ஆனாலும் அளந்து பார்க்காமல் வாங்கச் சொல்ல மாட்டேன். மல்டிமீட்டர் யாரிடமேனும் கிடைக்குமா ஐயா? 24 பின் இணைப்பியைப் போர்டிலேயே விட்டுவிட்டு, அதன் பின்புறத் துளை வழியே ஊதாக் கம்பியில் சிவப்பு முனையையும் கறுப்புக் கம்பியில் கறுப்பு முனையையும் வைத்து, நேர்மின் 20 வோல்ட் அளவில் பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். சுவர் சுவிட்சைப் போட்டவுடன் ஒரு முறையும் இருபது நிமிடம் கழித்து ஒரு முறையும் அளந்து எழுதுங்கள்.

முகப்புச் சுவிட்சே கெட்டிருக்குமோ என்ற ஐயத்தையும் தீர்த்துவிடலாம். போர்டின் ஓரத்தில் கேபினட்டிலிருந்து வரும் மெல்லிய கம்பிகள் செருகியிருக்கும் இடத்தில், பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அப்போதும் அதே கால் சுற்றுதான் என்றால் சுவிட்சில் பழுதில்லை. பிறகு எஸ்எம்பிஎஸ்சைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு காகித ஊக்கால் இணைத்தால் அதன் விசிறி சுற்ற வேண்டும்.

ஓம் விதி எழுதியது:

காகித ஊக்குச் சோதனையைப் பற்றி மட்டும் நண்பரிடமிருந்து மாறுபடுகிறேன். சுமை ஏதுமில்லாமல் எஸ்எம்பிஎஸ் தனியே சுற்றிவிட்டால் அது நலமாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படித்தான் நல்ல போர்டுகள் பல குப்பைக்குப் போகின்றன. சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் போய்விட்டது என்று சொல்லலாம். சுற்றினால் ஒன்றும் சொல்ல முடியாது. உலர்ந்த மின்தேக்கி, சுமை ஏறும்போதுதான் தன் குறையைக் காட்டும். மல்டிமீட்டரும் சராசரியைத்தான் காட்டும், மின்னழுத்தத்தின் நடுக்கத்தைக் காட்டாது. ஆகவே அளவு 4.9 என்று வந்தாலும்கூட, வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தயவுசெய்து திறக்க வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகப் பெரிய மின்தேக்கிகளில் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரைக் குடிக்கக்கூடிய அளவில் இருக்கலாம்.

ஆற்றங்கரை எழுதியது:

என் அக்காள் மகன் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறான். அவன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். சுவர் சுவிட்சைப் போட்டவுடன் ஊதாக் கம்பியில் 4.31, இருபது நிமிடம் கழித்து 4.58. முகப்புச் சுவிட்சை அழுத்தும் கணத்தில் 3-க்கும் கீழே இறங்கி மீண்டும் மேலேறுகிறது. ஸ்க்ரூடிரைவரால் தொட்டாலும் அதே கால் சுற்றுதான். காகித ஊக்குப் போட்டால் எஸ்எம்பிஎஸ் விசிறி நன்றாகவே சுற்றுகிறது.

ஓம் விதி எழுதியது:

ஐயமே வேண்டாம். ஸ்டாண்ட்பை மின்சாரம் 4.58-ஐத் தாண்டவில்லை, சுமை வந்தால் 3-க்கும் கீழே சரிகிறது; சரிந்தவுடன் பச்சைக் கம்பியைத் தரையோடு பிடித்துக்கொண்டிருக்கும் பகுதியே மயங்கிவிடுகிறது, விசிறி நின்றுவிடுகிறது. போர்டில் எங்கேனும் ஷார்ட் இருந்தாலும் இப்படிச் சரியலாம் என்பதால்தான் இரவல் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்றேன். ஆனால் இரண்டு மாதம் மெல்ல மெல்ல மோசமானது ஷார்ட்டின் குணமன்று.

ஆற்றங்கரை எழுதியது:

தெருவில் ஒரு மாணவரிடம் எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கிப் பொருத்தினேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவிட்சை அழுத்தியதும் விசிறி நிற்காமல் சுற்றியது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் திரை எழவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தும் ஒன்றுமில்லை. கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று மனம் சோர்ந்துவிட்டது. போர்டும் போயிருக்குமா?

ஆய்வகத்துக்காரி எழுதியது:

சோர்ந்துபோகாதீர்கள் ஐயா. செயலிக்கு அருகே, போர்டின் மேல் மூலையில், 4 பின்கள் கொண்ட சதுரச் செருகி ஒன்று தனியாக இருக்கிறதே, அதில் கம்பி செருகியிருக்கிறதா என்று பாருங்கள். செயலிக்கான 12 வோல்ட் அந்த வழியாகத்தான் போகிறது. பெரிய 24 பின் இணைப்பியை மட்டும் செருகினால் விசிறிகள் எல்லாம் சுற்றும், செயலி மட்டும் எழாது. இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் இது 8 பின்னாக வரும். நடுவில் பிளந்தால் இரண்டு 4 பின்களாகப் பிரியும், ஒரு பாதி போதும். கிராபிக்ஸ் கார்டுக்கென்று வரும் கம்பியை அங்கே திணித்துவிடாதீர்கள். அதன் கம்பி வரிசை தலைகீழானது.

அதைச் செருகிய பின்பும் எழாவிட்டால் ரேம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் செயலிக்கு அருகிலுள்ள இடத்தில் இரு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

நீங்கள் சொன்னது போலவே அந்த 4 பின் கம்பி கேபினட்டின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. செருகியதும் நீளமான பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியது. ஒலியாவது வந்ததே என்று மகிழ்ந்தேன். ரேம்களைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் பொன்னிற விளிம்பைத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். திரை எழுந்துவிட்டது!

ஆனால் கடிகாரம் பழைய ஆண்டொன்றைக் காட்டி, அமைப்புகள் அழிந்துவிட்டன என்று சொல்லி, எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். டிஸ்கை இன்னும் இணைக்கவில்லை. இணைக்கலாமா?

சால்டரிங் மேசை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி ஐயா. நீண்ட பீப் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் ரேமைத்தான் சொல்கிறது. பயாஸ், அதாவது கணினியை முதலில் எழுப்பும் போர்டிலுள்ள நிரல், அதன் வகைக்கு ஏற்ப ஒலிக்குறிப்பு மாறும் என்றாலும் இதில் பலவும் ஒத்துப்போகும். அடுத்த முறை அழிப்பானுக்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பொன்முலாம் மிக மெல்லியது, அழிப்பான் அதைத் தேய்த்துவிடும், துகளும் செருகியில் போய்ச் சேரும்.

கடிகாரச் சிக்கலுக்குப் போர்டிலுள்ள சிஆர்2032 நாணய பேட்டரி காரணம். 3 வோல்ட் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேலானதால் தீர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

ஓம் விதி எழுதியது:

டிஸ்கை இணைக்கும் முன்பு ஒரு வார்த்தை. பேட்டரி தீர்ந்ததால் பயாஸ் தன் தொடக்க அமைப்புக்குப் போயிருக்கும். அந்தக் காலத்துப் போர்டுகள் சிலவற்றில் தொடக்க அமைப்பில் டிஸ்க் இயங்கும் முறை ஐடிஇ என்று இருக்கும். உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் தொடங்கும்போது 7பி என்று முடியும் நீலத்திரை வரும். அதைக் கண்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து, பழுது நீக்கு என்றோ மறுபடி நிறுவு என்றோ எதையும் அழுத்திவிடாதீர்கள். பயாஸுக்குள் சென்று சாட்டா முறையை ஏஎச்சிஐ என்று மாற்றிச் சேமித்தால் போதும்.

ஆற்றங்கரை எழுதியது:

எழுதி வைத்தது நல்லதாயிற்று. அதே நீலத்திரை வந்தது. கை நடுங்கியது உண்மை. ஏஎச்சிஐ என்று மாற்றியதும் பழையபடி முகப்பு வந்துவிட்டது. முதல் வேலையாக ஒரு தாலாட்டைப் போட்டுக் கேட்டேன். பிறகு புதிய வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்தேன். இன்னொரு நகல் என் தங்கை வீட்டுக்குப் போகிறது. இரவல் எஸ்எம்பிஎஸ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 450 வாட் அளவில் நல்லதாக ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இனி இரவில் சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட வேண்டுமா?

ஆய்வகத்துக்காரி எழுதியது:

அணைக்கலாம் ஐயா. நல்ல எஸ்எம்பிஎஸ்சுக்கு அதனால் கேடில்லை. நாணய பேட்டரி மட்டும் சற்று விரைவாகத் தீரும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

ஆனால் கேபினட் இழுப்பதை இனியும் செருப்புப் போட்டுச் சமாளிக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்சின் நுழைவிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் கேபினட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினட் சுவர் மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் சிறியது என்பதால் இழுப்போடு நிற்கிறது. அதே பிளக் பாயிண்டில் நாளை எர்த்தை நம்பியிருக்கும் வேறு கருவி பழுதானால் அப்படி நிற்காது. உங்கள் அக்காள் மகனிடம் அந்தப் பாயிண்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

பார்த்தான். எர்த் கம்பி சுவர்ப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தபடியே இருந்தது; வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் அதை முடுக்கவே இல்லை. இப்போது முடுக்கியாயிற்று. கேபினட்டை வெறுங்காலோடு தொட்டுப் பார்த்தேன், இழுக்கவில்லை.